பத்தனைக்குப் போகும் பாதை

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பெருந்தெருவில், ஆசிரியர்களை உருவாக்கும் அரச நிறுவனங்கள் இரண்டு சில மைல் இடைவெளிக்குள் இருக்கின்றன. முதலில் வருவது கொட்டகலை ஆசிரியர் கலாசாலை. அதைத் தாண்டினால் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. ஏற்கெனவே வகுப்பில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்குக் கலாசாலை பயிற்சி தருகிறது. கல்வியியற் கல்லூரி உயர்தரம் முடித்த இளைஞர்களைச் சேர்த்து, மூன்று ஆண்டுகளில் ஆசிரியராக்கி அனுப்புகிறது.

இலங்கையின் வேறு பகுதிகளில் இப்படிப்பட்ட நிறுவனங்களை யாரும் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இவற்றின் பெறுமதி வேறு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே அரிதாக இருந்த ஒரு சமூகத்தில், பாடசாலையிலிருந்து கல்லூரிக்கு ஒரு பாதை உண்டு என்பதைக் கண்ணால் காணக்கூடியதாக்கியவை இவை. தோட்டப் பாடசாலை பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறது, கல்லூரி அந்தப் பிள்ளையை ஆசிரியராக்கித் தோட்டப் பாடசாலைக்கே திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுற்று உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விதான் இவ்வளவு காலத்தையும் தின்றது.

கோப்பிக் காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்கள் நிலையாகத் தங்குவார்கள் என்று தோட்டத்தை நிர்வகித்த துரைமார் நினைக்கவில்லை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் இருந்தால் பிள்ளைகளும் இருப்பார்கள். கோப்பிக் காலத்திலேயே, 1854இல், தொடங்கப்பட்ட கிறிஸ்தவத் தமிழ்க் கூலி மிஷன் தோட்டந்தோட்டமாக உபதேசியாரை அனுப்பியது. அவர்களில் சிலர் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னும் பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையோ கங்காணியின் உறவினரோ லயத்து வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தார். லயப் பள்ளிக்கூடம் என்பது அதுதான். கூலியும் கிடையாது, கட்டடமும் கிடையாது, பதிவேடும் கிடையாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி அரசாங்கம் விசாரித்தது. அதன் விளைவாக வந்த 1907ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைகள் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதையும், அதற்குப் பொருத்தமான ஓர் அறையை ஒதுக்குவதையும் தோட்டத் துரையின் கடமையாக்கியது. மலையகக் கல்வியின் வரலாற்றில் இதைப் பெரிய வெற்றி என்று எழுதுவோர் உண்டு. வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டத்திலுள்ள 10 என்ற எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்து வயதோடு படிப்பு முடிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டே சட்டம் எழுதப்பட்டது. அதற்கு மேல் ஒரு வகுப்பு, அந்த வகுப்புக்கு மேல் ஒரு கல்லூரி என்ற நினைப்பு அதில் எங்குமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பு அரசாங்கத்துக்கு அல்ல, தோட்டத்துக்கு. தோட்டம் ஒரு வியாபாரம். கொழுந்து பறிக்கும் கையை மேல்வகுப்பில் உட்காரவைக்க அந்த வியாபாரத்துக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட முதல் விகிதங்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சிறுவருக்கென்று ஒரு தனிக் கூலி சட்டத்திலேயே இருந்தது. பசியோடு இருக்கும் ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்தை எதனோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே காலத்தில், இதே மலைகளில், பொதுப்பணம் எப்படி உயர்ந்த அறிவை வளர்க்க முடியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணமும் எழுந்தது. 1925இல் சட்டத்தின் மூலம் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது ஒரு சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் அது இயங்கியது. பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. மண், உரம், நோய், பதனிடுதல் என்று தேயிலைச் செடிக்குத் தேவையான எல்லாவற்றையும் ஆராய்ச்சியாளர்கள் அங்கே படித்தார்கள். தேயிலைக்கு அது நன்மையே செய்தது. அதே தேயிலையிலிருந்து ஒரு சிறு பங்கு, செடியின் அருகில் நின்ற பிள்ளையின் மேல்படிப்புக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால் மலையகத்தின் கதையே வேறாக இருந்திருக்கும். அப்படி ஒரு தீர்வை விதிக்கப்படவேயில்லை.

1945இல் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இலங்கைத் தீவின் மிகப் பெரிய சமூக மாற்றங்களில் ஒன்று அது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரே ஏணி, அதற்குப் பணம் கொடுப்பது அரசு. தோட்டப் பாடசாலைகள் அந்த ஏணிக்கு வெளியே நின்றன. 1947ஆம் ஆண்டுக் கல்வித் திருத்தச் சட்டம் அவற்றை அரசுப் பொறுப்புக்குக் கொண்டுவர ஒரு வழியைத் திறந்தது. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தார்கள். வாக்குரிமை போனதும் அந்தக் குரலும் போயிற்று. வாக்கில்லாத மக்களின் பாடசாலைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் இடம் தேட யாருக்கும் அவசரமில்லை. பாதை திறந்த சட்டம் புத்தகத்திலேயே கிடந்தது.

அந்த வெற்றிடத்தில் ஓர் உதவி மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 1940களில் இந்திய அரசின் முயற்சியில் தொடங்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் மேல்வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கப் புலமைப்பரிசில் கொடுத்தது. இன்றும் கொடுக்கிறது. இந்தப் பணத்தின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்கோ நிறுவனத்துக்கோ போகாமல் அது பிள்ளையோடு போயிற்று. ஹட்டன் நகரத்துப் பாடசாலையில் சாதாரண தரம் முடித்த பிள்ளை உயர்தரத்துக்கு எங்கே போனாலும் பணமும் கூடவே போயிற்று. மலையகத்தில் படித்த முதல் தலைமுறையினரின் வீடுகளில் இந்தப் புலமைப்பரிசிலைப் பற்றி இன்னும் மரியாதையோடு பேசுகிறார்கள்.

1960, 1961 ஆண்டுகளில் நாடெங்கும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மிஷன் பாடசாலைகளும் இந்து, பௌத்தப் பாடசாலைகளும் அரச பாடசாலைகளாயின. தோட்டப் பாடசாலைகள் மறுபடியும் விடுபட்டன. 1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. எந்தக் குடும்பம் எந்தக் கரையில் வாழும் என்று தெரியாதபோது, பிள்ளையை எட்டாம் வகுப்பில் சேர்ப்பதா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த ஒருவர் தன் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது என்று சொன்னால், அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டமே அரசுடையது என்றானபின் அதன் பாடசாலையை மட்டும் தனியார் பொறுப்பு என்று ஒதுக்கிவைக்க முடியவில்லை. 1977இல் பொறுப்பேற்பு தொடங்கியது. கட்டம் கட்டமாக, அடுத்து வந்த ஆண்டுகளில், நூற்றுக்கணக்கான தோட்டப் பாடசாலைகள் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன.

அரசு கையேற்றது எதை? குறுக்குச் சுவரில்லாத ஒரே மண்டபம், அதில் ஐந்து வகுப்பும் ஒன்றாக, பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர். அவருக்குப் பயிற்சி இல்லை. பெயர்ப்பலகை மாறியது, சம்பளம் தரும் கை மாறியது. ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பிள்ளை மலை இறங்கி நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரப் பாடசாலைகளில் எல்லோருக்கும் இடமில்லை. வெளிமாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வந்த ஆசிரியர்கள் குளிரையும் தூரத்தையும் தாங்காமல் மாற்றம் வாங்கிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்க ஒரு காம்பரா கூட இல்லாத இடத்தில் யார்தான் நிற்பார்கள்?

1978இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் சேர்ந்தார். குடியுரிமையும் 1980களில் படிப்படியாகத் திரும்பி வந்தது. வாக்கு திரும்பியதும் கல்விக்கான பணமும் மெல்ல அசைந்தது. அதில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. சுவீடன் அரசின் சீடா நிறுவனத்தின் உதவியோடு 1986இல் பெருந்தோட்டப் பாடசாலைகள் கல்வி அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. வகுப்பறைகள் எழுந்தன, ஆசிரியர் விடுதிகள் எழுந்தன. பயிற்சி இல்லாத ஆசிரியர்களுக்கு வேலையிலிருந்தபடியே பயிற்சி கிடைத்தது. பெற்றோரைக் கூட்டிப் பேசுவதும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இந்தக் காலத்தில் அரசு ஒரு முக்கியமான முடிவையும் எடுத்தது. வெளியிலிருந்து ஆசிரியர் வருவாரென்று காத்திருக்காமல், தோட்டத்திலேயே பிறந்து படித்த இளைஞர்களை ஆசிரியர்களாக நியமித்தது. கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகளைத் தோட்டம் முதன்முறையாக ‘டீச்சர்’ என்று அழைத்தது இந்த நியமனங்களால்தான்.

அதே ஆண்டுகளில் நாட்டின் ஆசிரியர் கல்வியும் மாறிக்கொண்டிருந்தது. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் கல்வியியற் கல்லூரிகளை உருவாக்கியது. உயர்தரப் பெறுபேறுகளின் அடிப்படையில் மாணவரைச் சேர்த்து, இரண்டு ஆண்டு விடுதியில் தங்கவைத்துக் கற்பித்து, மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சிக்கு அனுப்புவது இவற்றின் முறை. தோட்டப் பாடசாலைகளுக்கென்றே அப்படி ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணத்தில் ஜேர்மன் அரசின் தொழில்நுட்ப உதவியோடு 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் எழுந்ததுதான் ஸ்ரீபாத கல்லூரி. அடிவானத்தில் தெரியும் சிவனொளிபாத மலையின் இன்னொரு பெயரையே அது சூடிக்கொண்டது.

அந்த மூன்றாம் ஆண்டு சாதாரண ஏற்பாடு அல்ல. கல்லூரி மாணவி ஒரு பாடசாலையில் முழு ஆண்டும் நிற்கிறாள். அவளுக்கு அது பரீட்சை, பாடசாலைக்கு அது ஓர் ஆசிரியர். கல்லூரியின் விரிவுரையாளர் அவளைப் பார்க்க வரும்போது பாடசாலையின் குறைநிறைகளும் அவருக்குத் தெரியவருகின்றன. பாடசாலையும் கல்லூரியும் ஒரே பிள்ளையின் பொருட்டுப் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கே ஏற்படுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பல்கலைக்கழகம் என்றால் வருமானமில்லாத பல ஆண்டுகள், அதன்பின் வேலை கிடைக்குமா என்ற கவலை. பத்தனையில் விடுதி உண்டு, படிப்பு முடிந்ததும் அரச நியமனம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்தை விட்டுக் கல்வியியற் கல்லூரியைத் தெரிந்தெடுத்ததற்கு இதுவே காரணம். தோட்டப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியில் அவர்களுக்கு எத்தனை இடம் என்பது பின்னாளில் அரசியல் சர்ச்சையாகவும் ஆனது. சர்ச்சை எழுந்ததே அந்த இடங்கள் எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பதற்குச் சாட்சி.

ஆனால் கல்லூரிக்குள் நுழைய உயர்தரம் வேண்டும். சிக்கல் அங்கேதான். இலங்கையில் பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. 11ஆம் வகுப்பு வரையானவை இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை மூன்றாம் வகை. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகளுக்குள் அடங்கிவிடும். நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். அப்படியிருந்தும் தமிழில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் மிகச் சில. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாததால் அந்தப் பிரிவில் மாணவர் இல்லை. மாணவர் இல்லாததால் கல்லூரியின் கணித, விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு மலையகத்திலிருந்து போவோர் குறைவு. போவோர் குறைவதால் திரும்பி வரும் ஆசிரியரும் குறைவு. பாடசாலைக்குத் தனியாகவும் கல்லூரிக்குத் தனியாகவும் பணம் கொடுத்தால் இது தீராது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

அந்த இடைவெளி யாருக்குச் சொந்தம் என்பதுதான் தெளிவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு 1987இல் மாகாண சபைகள் வந்தபின், தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை மாகாணத்தின் கைக்குப் போயின. தோட்டப் பாடசாலைகள் மத்திய மாகாண சபையின் கீழ். கல்வியியற் கல்லூரி கொழும்பிலுள்ள மத்திய அமைச்சின் கீழ். தொழிற்பயிற்சி நிலையங்களோ பெரும்பாலும் இன்னோர் அமைச்சின் கீழ். பாடசாலை நிற்கும் காணி 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிக்குக் குத்தகைக்குப் போன அரச காணி. ஒரே பிள்ளை 16 வயதில் ஒரு பணப்பையிலிருந்தும் 18 வயதில் இன்னொரு பணப்பையிலிருந்தும் படிக்கிறது. ஒரு பையிலிருந்து அடுத்த பைக்கு மாறும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம் பேர் கைநழுவிப் போகிறார்கள்.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியும் இரண்டாண்டுச் சமூகக் கல்லூரியும் தனித்தனி நிருவாகங்களின் கீழ் இருந்தன. 1974இல் நியூயோர்க்கின் லாகார்டியா சமூகக் கல்லூரி தன் வளாகத்துக்குள்ளேயே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கி, படிப்பை இடையில் விடக்கூடிய மாணவரைச் சேர்த்தது. 1985இல் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டு மாணவர் கல்லூரிப் பாடம் படிக்கலாம், அரசு பணம் மாணவரோடு கல்லூரிக்குப் போகும். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பணம் நிறுவனத்தின் பெயரில் நிற்காமல் மாணவரின் பெயரில் நகர வேண்டும் என்ற முடிவே அங்கே எல்லாவற்றையும் மாற்றியது. இந்தியப் புலமைப்பரிசில் அரைநூற்றாண்டுக்கு மேலாக மலையகத்தில் சிறிய அளவில் செய்துவந்ததும் இதைத்தான்.

பாடசாலைக்கும் கல்லூரிக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குப் பாலம் கட்ட இலங்கை அரசு இரண்டு முறை முயன்றது. முதல் முயற்சி ஆசிரியர் உதவியாளர் நியமனம். 2014, 2015 ஆண்டுகளில் உயர்தரம் முடித்த மலையக இளைஞர் மூவாயிரம் பேரளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டார்கள். பாடசாலையில் கற்பித்துக்கொண்டே கொட்டகலை போன்ற கலாசாலைகளில் பயிற்சி முடித்தால் நிரந்தர ஆசிரியராகலாம் என்பது ஏற்பாடு. எண்ணம் மிக நல்லது. கொடுத்த மாதப்படியோ 6,000 ரூபாய், பின்னர் 10,000 ரூபாய். மலைக்கு மேலிருக்கும் பாடசாலைக்குப் போய்வர பஸ், முச்சக்கரவண்டிச் செலவே அதில் பெரும்பகுதியை விழுங்கியது. பயிற்சிக்காக வெளியூர் கலாசாலைக்குப் போனவர்களுக்கு அங்கே வாழும் செலவும் சேர்ந்தது. ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. முழு ஆசிரியர் சம்பளத்துக்கு வரும் வரை பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் சொன்னவர்களை இப்படி வைத்திருந்தது நியாயமல்ல.

இரண்டாவது முயற்சி 2017இல் வந்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம். அதற்கு முந்தைய ஆண்டில் கட்டாயக் கல்வி வயது 16 வரை உயர்த்தப்பட்டிருந்தது. புதிய திட்டத்தின்படி, சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையை விட்டுப் போக வேண்டியதில்லை. 12ஆம் வகுப்பில் தொழிற்பாடப் பிரிவில் சேரலாம். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்கள், பிறகு தெரிந்தெடுத்த தொழிலில் பயிற்சி. அந்தப் பயிற்சியைப் பாடசாலைக்கு வெளியே தொழிற்பயிற்சி நிறுவனம் கொடுக்கலாம். முடிவில் தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழ். நாடு முழுவதும் 42 பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கிப் பிறகு விரிவாக்கப்பட்டது. பாடசாலையையும் பயிற்சி நிலையத்தையும் ஒரே கால அட்டவணையில் சேர்த்த பெரிய அரச ஏற்பாடு இது.

மலையகத்தில் இதற்கு முன்னால் நிற்கும் தடைகள் பழையவைதான். தமிழில் கற்பிக்கும் தொழிற்பயிற்சிப் போதனாசிரியர் போதாது. பயிற்சி நிலையங்கள் ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களில் இருக்கின்றன, பிள்ளைகளோ கடைசி பஸ் மாலையிலேயே போய்விடும் டிவிஷன்களில் இருக்கிறார்கள். ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை இந்திய உதவியோடு வசதி பெற்றிருக்கின்றன. மாகாணத்தின் பாடசாலை வேறோர் அமைச்சின் நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது பிரயாணச் செலவும் மதிய உணவும் யார் கணக்கு என்பது இன்னமும் அதிபரின் தலைமேல் விழும் கேள்வி. பல பாடசாலைகளில் அதைப் பெற்றோரும் பழைய மாணவரும் தொழிற்சங்கக்காரரும் சேர்ந்து சமாளிக்கிறார்கள்.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் பேசியபோது வீடுகளைப் பற்றிய அறிவிப்புக்கே பெரும் வரவேற்பு கிடைத்தது. கல்விக்கான பணம் அதன் பிறகு வந்தது. ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த 300 மில்லியன் ரூபாய் என்று தொடங்கிய இந்திய உதவி, 600 மில்லியனாக இரட்டிக்கப்பட்டது. அந்தப் பாடசாலைகளில் புதிய ஆய்வுகூடம் திறக்கும்போது அதில் நின்று இரசாயனவியல் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அவர் பத்தனையிலிருந்தோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வரலாம். வந்தவரை அந்த மலையில் ஐந்து ஆண்டுகளாவது நிற்கவைக்கும் விடுதிக்கும் மாதப்படிக்கும், உயர்தரம் முடித்த பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுசேர்க்கும் செலவுக்கும் மாகாணமும் மத்திய அமைச்சும் சேர்ந்து ஒரு தனித் தலைப்பின் கீழ் பணம் ஒதுக்க வேண்டும் என்பது மலையக ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டிய அடுத்த கோரிக்கை.